மீதித் தாள்

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா சாலையில் சித்ரசந்தே நடப்பது பெங்களூர்வாசிகளான நம் அனைவருக்கும் தெரியும். கர்நாடக சித்ரகலா பரிஷத்தின் வாசலில் தொடங்கிச் சாலை நெடுகிலும் ஓவியர்கள் தங்கள் படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு தடவை நானும், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் நடந்துகொண்டிருந்தோம். ஓர் இளைஞரின் படத்துக்கு முன்னால் நண்பர் நின்றுவிட்டார். பெரிய தாள். கீழ் மூலையில் நாலைந்து மைக்கோடுகளில் ஒரு பாறை; பாறையின் மேல் ஒரு காக்கை. மற்றதெல்லாம் வெறும் தாள்.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார். பிறகு விலைச் சீட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "மீதித் தாளுக்கும் சேர்த்தா இந்த விலை?" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த இளைஞர் முகம் சுளிக்கவில்லை. "உங்களுக்கு என்ன தோணுதோ அதுதான் சார் அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

சிரித்தது சிரித்தாயிற்று, ஆனால் வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே வந்தது. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். நண்பர் கேட்ட கேள்வியும் சரியில்லை, இளைஞர் தந்த பதிலும் சரியில்லை என்பதே இன்றைக்கு என் எண்ணம். படம் என்பது விடை எழுதி மூடி வைத்த வினாத்தாளும் அன்று, யார் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட கரும்பலகையும் அன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றி மிகப் பழைய காலத்திலேயே சிந்தித்தவர்கள் சீனத்தின் தாவோ நெறியாளர்கள். தாவோ என்ற சொல்லுக்கே வழி என்றுதான் பொருள். நம் மொழியில் நெறி என்றாலும் பொருந்தும்.

சீனத்துச் சமாசாரம் நமக்கெதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நமக்கும் அதற்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடப் பழையது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த தமிழர்கள் நாம் மட்டும் அல்லவே! சீனத்தின் குவான்சோ துறைமுகத்தில் குடியேறிய தமிழ் வணிகர்கள் அங்கே ஒரு சிவன் கோயில் எழுப்பி, 1281-ஆம் ஆண்டில் தமிழில் கல்வெட்டும் பொறித்தார்கள். அதே ஊரின் புறத்தே, மலையடிவாரத்தில், தாவோ நெறியின் ஆசானாகிய லாவோ ட்சுவின் மிகப் பெரிய கற்சிலை அமர்ந்திருக்கிறது. அது சோங் அரசர் காலத்தது. அதாவது நம்மவர்கள் கல்வெட்டு வெட்டியபோது அந்தத் தாடிக்காரக் கிழவர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். அந்தச் செட்டிமார்கள் அவரைக் கண்டு என்ன நினைத்தார்களோ! நம் காலத்தில் கவிஞர் சி. மணி அவருடைய நூலைத் தமிழில் தந்திருக்கிறார். சிறிய நூல்தான், 81 இயல்கள். பானையின் பயன் மண்ணில் இல்லை, உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் இருக்கிறது என்பது போன்ற எண்ணங்கள் அதில் வருகின்றன. என் நண்பர் கேட்ட மீதித் தாளுக்கு அங்கேயே ஒரு பதில் இருக்கிறது.

இனி பெங்களூருக்கு வருவோம். கப்பன் பூங்காவை ஒட்டிக் கஸ்தூரிபா சாலையில் வெங்கடப்பா கலைக்கூடம் என்று ஒன்று இருப்பதைப் பலர் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். யார் அந்த வெங்கடப்பா? மைசூரில் அரண்மனை ஓவியர் குடும்பத்தில் 1886-இல் பிறந்தவர். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் கல்கத்தாவுக்குச் சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். 1965-இல் மறைந்தார்.

அந்த அவனீந்திரநாத்தின் வழியாகத்தான் கீழை நாட்டுக் காற்று நம் ஊருக்கு வந்தது. ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா காகுசோ 1902-இல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு நெருங்கிப் பழகினார். அடுத்த ஆண்டு அவருடைய தூண்டுதலால் யோகோயாமா டைகான், ஹிஷிடா ஷுன்ஸோ என்ற இரு ஓவியர்கள் வந்து சேர்ந்தார்கள். டைகான் நீரில் தோய்த்த அகலத் தூரிகையால் படத்தை ஈரப்படுத்துவதைப் பார்த்த அவனீந்திரநாத், தாம் வரைந்த படத்தையே நீரில் நனைத்து, உலர்த்தி, மறுபடி வண்ணம் தீட்டிப் பார்த்தார். கோடுகள் கரைந்து பனிமூட்டம் போல் ஆயின. வங்காளத்து ஓவியங்களில் நாம் காணும் அந்த மங்கலான மென்மை இப்படித்தான் பிறந்தது. அதே அவனீந்திரநாத்தின் இன்னொரு மாணவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்தார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததே.

வெங்கடப்பாவைத் தாவோ நெறியாளர் என்று சொல்ல நான் வரவில்லை. அவர் கண்டிப்பும் நுட்பமும் மிக்கவர். ஓர் இலையைக்கூடப் பார்க்காமல் போட மாட்டார். ஆனால் அவர் ஊட்டியையும் கோடைக்கானலையும் தீட்டிய நீர்வண்ணப் படங்களின் முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மலை இருக்கிறது, மேகம் இருக்கிறது, ஏரி இருக்கிறது. இவற்றுக்கு நடுவே ஏதோ ஒன்று சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது. நாமெல்லாம் ஊட்டிக்குப் போய்ப் படகுத்துறையில் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பியவர்கள்தாம். அந்த அமைதி அங்கே இருந்தது என்பது எனக்கு அவருடைய படத்தைப் பார்த்த பிறகே தெரிந்தது. அவர் வீணை சேஷண்ணாவிடம் வீணையும் கற்றவர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓவியத்தை மறக்கும் அளவுக்கு வீணைமேல் அவருக்குப் பித்துப் பிடித்திருந்ததாம்.

ஒகாகுரா 1906-இல் தேநீரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூல் உலகப் புகழ் பெற்றது. பெயர்தான் தேநீர்; உள்ளே தாவோவும் இருக்கிறது, கலையை எப்படிச் சுவைப்பது என்ற பேச்சும் இருக்கிறது. அதில் ஒரு பழைய யாழின் கதை வருகிறது. பெருமரம் ஒன்றிலிருந்து செய்த யாழ் அது. எத்தனையோ வல்லவர்கள் வந்து மீட்டிப் பார்த்தும் கரகரவென்ற ஓசை மட்டுமே எழுந்தது. கடைசியில் ஒருவர் வந்து அதைக் குதிரையைத் தடவுவது போலத் தடவி மீட்டினார். யாழ் தான் மரமாக நின்ற காலத்தையெல்லாம் நினைத்துப் பாடிற்று. மன்னர் இரகசியம் கேட்டபோது, மற்றவர்கள் தங்களைப் பற்றியே பாடினார்கள், நான் எதைப் பாடுவது என்பதை யாழிடமே விட்டுவிட்டேன் என்றாராம். இதில் யாழ் யார், மீட்டுபவர் யார் என்பதுதான் வேடிக்கை. ஒகாகுராவின் கணக்கில் பார்க்கிற நாம் யாழ். படம் நம்மை மீட்ட வேண்டும். நாமோ படத்தின் முன் போய் நின்றவுடன், விலை, பெயர், அர்த்தம், இதை எங்கே மாட்டலாம் என்று நம் பாட்டையே பாடத் தொடங்கிவிடுகிறோம்.

உணர்ச்சியைக் கொட்டுவதே கலை என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. கோடை விடுமுறை வகுப்பு விளம்பரங்களில்கூட, குழந்தை தன் உள்ளத்தை வெளிப்படுத்தட்டும் என்று போடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தாவோக்காரர்கள் சொன்ன உள்ளுணர்வு இவ்வளவு மலிவானது அன்று. சுவாங் ட்சு என்ற ஞானி சொன்ன கதைகளில் ஒரு கசாப்புக்காரன் வருகிறான். எலும்புக்கும் எலும்புக்கும் இடையே உள்ள இடைவெளியில் அவன் கத்தி தானாகவே நுழைந்து போகும். பத்தொன்பது ஆண்டுகளாகியும் அந்தக் கத்தியைச் சாணை பிடிக்க நேரவில்லை. கண்ணால் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், உள்ளம் வழிகாட்டுகிறது என்கிறான் அவன். அந்த நிலைக்கு அவன் முதல் நாளே வந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் மாடுகளை அறுத்த கை அது. சித்ரசந்தேயில் அந்த இளைஞர் நாலு கோட்டில் பாறையைப் போட்டிருந்தாரே, அந்த நாலு கோட்டுக்கு முன்னால் எத்தனை தாள்களைக் கிழித்துப் போட்டாரோ, நமக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல், உங்களுக்குத் தோன்றுவதே அர்த்தம் என்று அவர் சொன்னது தம் உழைப்பைத் தாமே குறைத்துக்கொண்டதாகும்.

சுவாங் ட்சுவின் இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. அரசன் ஓவியர்களை அழைத்தான். எல்லாரும் ஓடிவந்து வணங்கி, தூரிகையை நாவால் நனைத்துக்கொண்டு, மையைக் குழைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மட்டும் தாமதமாக வந்தார், வணங்கினார், நிற்காமல் தம் அறைக்குப் போய்விட்டார். ஆள் அனுப்பிப் பார்த்தால், அவர் மேலாடையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இவர்தான் ஓவியர் என்றான் அரசன். நம் வீட்டுப் பிள்ளை ஒன்று இப்படி உட்கார்ந்திருந்தால் நாம் என்ன சொல்வோம்? "சும்மா உட்கார்ந்திருக்காதே" என்போம்.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்றால் இல்லை என்பதே என் துணிபு. என் தாயார் ஊரில் இருந்தவரை விடியற்காலையில் அரிசி மாவில் புள்ளிக் கோலம் போடுவார். பெங்களூரில் எங்களோடு வந்து தங்கியபோதும் அடுக்குமாடியின் வாசலில் இரண்டடிக் கல்லில் போட்டார். என் மனைவி ஒரு நாள், "அத்தை, அந்தச் சிக்குக் கோலத்தை நோட்டில் போட்டுக் கொடுங்கள், எத்தனை புள்ளி?" என்று கேட்டாள். அம்மா பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விழித்தார். பிறகு, "இரும்மா, போட்டுப் பார்த்துத்தான் சொல்லணும்" என்று எழுந்துபோய்த் தரையில் போட்டு, புள்ளியை எண்ணிச் சொன்னார். கணக்கு அவர் தலையில் இல்லை, விரலில் இருந்தது. சுவாங் ட்சுவின் கதைகளில் ஒரு சக்கரத் தச்சனும் இதையே சொல்கிறான்: உளி இறங்கும் அளவு என் கைக்குத் தெரியும், வாயால் என் மகனுக்குச் சொல்லித்தர முடியவில்லை என்கிறான். இன்னொன்றும் உண்டு. அம்மா போட்ட கோலத்தைப் பத்து மணிக்குள் பால்காரர், தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் மிதித்துவிடுவார்கள். அதற்காக அவர் ஒரு நாளும் வருந்தியதில்லை. இப்போது எங்கள் வாசலில் ஒட்டுக் கோலம் இருக்கிறது. அழியாது. நான் அதைப் பார்ப்பதும் இல்லை.

இசையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாமராஜபேட்டை ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்தில் ராமநவமிக் கச்சேரிகளுக்கு நம்மவர்கள் பந்தல் கொள்ளாமல் கூடுவார்கள். பாடகர் சகானாவை அரை மணி நேரம் ஆலாபனை செய்கிறார். அதில் சொல்லே கிடையாது. பக்கத்தில் இருப்பவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவரை யாரும் கேட்பதில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. உங்களுக்குத் தோன்றுவதே சகானா என்று பாடகரும் சொல்வதில்லை. அவர் ஒரு நெறிக்குள் நிற்கிறார்; நாமும் கேட்டுக் கேட்டு அந்த நெறிக்குள் வந்திருக்கிறோம். காதுக்கு நாம் கொடுக்கும் இந்த அவகாசத்தைக் கண்ணுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? என் வங்கி நண்பர் சகானாவுக்கு அழுகிறவர்தாம்!

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டுக்கென்று ஓர் இயலே வைத்தார். உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. மயிர் சிலிர்ப்பதும் கண் கலங்குவதும் அர்த்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கை, அதாவது வியப்பு, நான்கு காரணங்களால் தோன்றும் என்கிறார். அவை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெரியதைக் கண்டு வியப்பது யாருக்கும் புரியும். சிறுமையைக் கண்டும் வியப்பு உண்டாகும் என்று எழுதினாரே, அதை நான் பல நாள் யோசித்தேன். பிறகு சோங் காலத்து மா யுவான் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு படத்தின் அச்சுப் பிரதியைப் பார்த்தபோது விளங்கிற்று. மூலப்படம் டோக்கியோவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சிறு படகு. அதில் குனிந்து தூண்டில் போடும் ஒரு மனிதன். படகைச் சுற்றி மெல்லிய அலைக்கோடுகள் சில. அவ்வளவுதான். மீதியெல்லாம் வெறும் பட்டுத்துணி. ஆனால் பார்க்கப் பார்க்க அந்த வெறும் துணி குளிர்ந்த நீராகவே ஆகிவிடுகிறது. அந்த மனிதனின் தனிமை நம் தோளில் வந்து உட்காருகிறது. மா யுவானை ஒருமூலை மா என்று கேலியாக அழைத்தார்களாம். மூலையில் வரைந்துவிட்டு மீதியை விட்டுவிடுவார் என்பதால்.

இப்போது அந்தப் பழைய காரணம்.

நான் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். அளவில்லாத கோடு எங்களுக்குக் கோடே அன்று. என் மகள் ஆறாம் வகுப்பில் படித்தபோது நந்தி மலைக்கு அதிகாலையில் போய் வந்தோம். மறு வாரம் ஏதோ ஓவியப் போட்டி என்று அவள் அந்த மலையை வரைந்தாள். தாளின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பாறை விளிம்பு, ஓரத்தில் ஒரு மரம், மேலே ஒன்றுமில்லை. அன்று காலை அங்கே உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை, ஒரே பனி. நான் பார்த்துவிட்டு, "பாதித் தாள் சும்மா கிடக்குதேம்மா, நடுவர் என்ன நினைப்பார்? ஏதாவது போட்டு நிரப்பு" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய் ஒரு சூரியன், இரண்டாவது மலை, படுத்துக் கிடக்கும் மூன்று போலப் பறவைகள் எல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டாம் பரிசு கிடைத்தது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் காட்டினேன்.

அதன் பிறகு அவள் படிப்படியாக வரைவதை விட்டுவிட்டாள். என் ஒரு வாக்கியத்தால்தான் விட்டாள் என்று சொன்னால் அது மிகையாகும். பத்தாம் வகுப்பு வந்தது, டியூஷன் வந்தது, எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். இருந்தாலும், சித்ரசந்தேயில் மீதித் தாளைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பும் அன்றைக்குச் சொன்ன சொல்லும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

வேற்று ஊரில் வந்து காலூன்றிய குடும்பங்களுக்கு வெற்றிடம் என்றால் ஒரு பயம் உண்டு. பிள்ளையின் மாலை நேரம் காலியாக இருக்கக்கூடாது. மதிப்பெண் பட்டியலில் ஓர் இடம் காலியாக இருக்கக்கூடாது. நம் அப்பாக்கள் கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியவர்கள். அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் தாளுக்குள்ளும் அந்தப் பயத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தினந்தோறும் வரையட்டும், கை தேறட்டும், கற்றுக்கொடுப்பவர் திருத்தட்டும். பாறை பாறையாக வரவில்லை என்றால் சொல்லலாம். எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் வரைகிறவரிடம் விட்டுவிட வேண்டும்.

பார்ப்பதற்கும் இடங்கள் இல்லாமல் இல்லை. அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது. மரங்களும் நிழலும் நிறைந்த வளாகம். குடும்பத்தோடு போகிறவர்கள் எல்லாப் படத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று ஓடாமல், ஐந்தாறு படங்களின் முன் நின்றால் போதும். பெயர்ச் சீட்டைக் கடைசியில் படியுங்கள். எந்தப் படத்தின் முன் கால் தானாக நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் ஒன்றும் குற்றமில்லை. எனக்கும் அங்கே பிடிக்காத படங்கள் நிறையவே உண்டு. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு முன் சகானாவுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது கொடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

சென்ற ஆண்டு வீடு மாற்றியபோது பரணில் இருந்த பெட்டியில் அந்த நந்தி மலைப் படம் கிடைத்தது. மகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். தொலைபேசியில் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குப்பா. கீழே இருக்கிற பாறை மட்டும்தான் என்னுது. அந்தப் பறவை எல்லாம் உங்களுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பறவைகளை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று இருக்கின்றன.